எங்கே அறுப்பது

உற்சவமூர்த்தியின் முகத்தைப் பார்க்கிறோம், நகையைப் பார்க்கிறோம், பூவலங்காரத்தைப் பார்க்கிறோம். பீடத்தை உற்றுப் பார்ப்பவர்கள் குறைவு. சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளின் பீடத்தில் துளைகள் இருக்கும். சிலவற்றில் பக்கவாட்டில் வளையங்கள் இருக்கும். புறப்பாட்டின்போது கம்பு செருகிக் கயிறு கட்டுவதற்கான ஏற்பாடு அது. மெழுகில் உருப்பிடிக்கும்போதே ஸ்தபதி முடிவு செய்துவிட்டார்: இது ஓரிடத்தில் நிற்கப்போவதில்லை. தூக்குவார்கள், குலுக்குவார்கள், தெருமுனையில் சாய்த்துத் திருப்புவார்கள், திரும்பக் கொண்டுவந்து வைப்பார்கள்.

கருவறையில் இருப்பவர் விஷயம் வேறு. அவரை அஷ்டபந்தனம் சாத்திப் பீடத்தோடு இறுக்கிவிடுகிறார்கள். கொம்பரக்கு, குங்கிலியம், சுக்கான்கல், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என்று எட்டுச் சரக்கை இடித்துச் சேர்த்த சாந்து. சாத்தும்போது கைக்கு இளகிக் கொடுக்கும். இறுகிய பிறகு கல்லை உடைக்காமல் கல்லை எடுக்க முடியாது. இருப்பதற்கு ஒரு திருமேனி, போய்வருவதற்கு ஒன்று. இந்த ஏற்பாட்டின் புத்திசாலித்தனம் எனக்கு விளங்கியது கோயிலில் அல்ல, ஒரு பொம்மை ரயிலைப் பிரித்தபோது.

எங்கள் திருவாலங்காட்டில், ஸ்டேஷன் பக்கத்து வீடொன்றின் மாடியறையில் அரக்கோணம் ஜங்ஷன் இருந்தது. கட்டியவர் ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு. 2022 முதல் அந்த வேலைக்கு டிரெயின் மேனேஜர் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். அவருக்கு அது பிடிக்கவில்லை. பச்சைக்கொடி காட்டுகிறவனுக்கு எதற்கு மேனேஜர் பட்டம் என்பார். மகன் அம்பத்தூரில் ஃபிளாட் வாங்கிப் பெற்றோரை அழைத்துக்கொண்டான். கட்டில், பீரோ, பாத்திரம், கிரைண்டர் எல்லாம் குட்டியானையில் ஏறிப் போய்விட்டன. மாடியறை மட்டும் பாக்கி. ஈயம் பற்றவைக்கத் தெரியும் என்ற ஒரே தகுதியில் என்னைக் கூப்பிட்டார்.

மாதிரி ரயில் கட்டுகிறவர்கள் முதலில் இடத்தோடு சமரசம் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. உலகத்தில் அதிகம் புழங்கும் அளவு 1:87. அந்தக் கணக்கில் ஒரு கிலோமீட்டர் பதினொன்றரை மீட்டராகும். அரக்கோணத்திலிருந்து திருத்தணி சுமார் 13 கிலோமீட்டர். அதை அப்படியே குறுக்கினாலும் 150 மீட்டர் நீளத்துக்கு வீடு வேண்டும். பழைய ஐ.சி.எஃப். பெட்டி ஒன்று 24 சென்டிமீட்டர் சொச்சத்துக்குச் சுருங்கும். இருபத்துநான்கு பெட்டி எக்ஸ்பிரஸ் ஆறு மீட்டரைத் தாண்டிவிடும், பதினெட்டடிச் சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். ஆகவே அவர் ஐந்து பெட்டி ஓட்டினார். “எக்ஸ்பிரஸ்னு வச்சுக்க, தம்பி” என்பார். வைத்துக்கொண்டேன்.

இன்னொரு சமரசம் கண்ணுக்குத் தெரியாது. கடைகளில் கிடைக்கும் பொம்மைத் தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர். அது ஐரோப்பாவின் 1435 மில்லிமீட்டர் பாதைக்குரிய கணக்கு. நம் அகலப்பாதை 1676 மில்லிமீட்டர். சரியாகச் செய்தால் 19 மில்லிமீட்டருக்குமேல் வர வேண்டும். நம்மூர்ப் பெட்டியை அந்தத் தண்டவாளத்தில் வைத்தால் கொஞ்சம் ஒடுங்கிய காலில்தான் நிற்கிறது. கார்டுக்கு இது தெரியும். முப்பது வருடத்துக்குமேல் அகலப்பாதையில் கடைசிப் பெட்டியில் உட்கார்ந்து போனவருக்குத் தெரியாமலா இருக்கும்? அந்த ஒரு விஷயத்தைப் பற்றி அவரிடம் பேசக் கூடாது.

தூரத்தைக் குறுக்கும்போது எந்த ஸ்டேஷனை விடுவது என்பது அரசியல். சென்னைப் பக்கம் மோசூரையும் புளியமங்கலத்தையும் விட்டுவிட்டார். திருவாலங்காட்டை விட முடியாது, சொந்த ஊர். திருத்தணிப் பாதையில் இச்சிபுத்தூரை வைத்துக்கொண்டார். காரணம் கேட்டேன். அங்கே ஒருதரம் சிக்னலுக்காக நெடுநேரம் நின்றபோது யாரோ பதநீர் கொடுத்தார்களாம். தெர்மாகோலைச் செதுக்கிக் காவி அடித்துத் திருத்தணி மலை. படிகள் அட்டை. அதற்கு அப்பால் அலமாரி மறைவில் நாலு தண்டவாளம் நீட்டி, அதற்கு ரேணிகுண்டா என்று பெயர். மேடையிலிருந்து போன நடிகர் உள்ளே உட்காருவதைப் போல, ஓடி முடித்த வண்டிகள் அங்கே போய் நிற்கும்.

இந்தப் பாதை சாதாரணப் பாதையல்ல. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1-ம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு போனது இந்த வழியாகத்தான். பம்பாயிலிருந்து வந்த பாதையும் சென்னையிலிருந்து போன பாதையும் 1871-ல் ராய்ச்சூரில் கைகோத்தபோது, அரக்கோணத்திலிருந்து திருத்தணி வழியாகப் போன தடம்தான் இரண்டு ராஜதானிகளையும் சேர்த்தது. கார்டு கட்டியிருந்தது பொம்மைதான், ஆனால் அவர் தேர்ந்தெடுத்த முடிச்சு இந்தியாவின் பழைய முடிச்சுகளில் ஒன்று.

பிரிப்பதில் ஒரு முறை இருக்கிறது. அதைத் தெரியாமல் ஆரம்பிப்பவர்கள் ரம்பத்தை முதலில் எடுக்கிறார்கள். முதலில் எடுக்க வேண்டியது போன் கேமரா. ஒவ்வொரு மூட்டையும், பலகைக்கு அடியிலுள்ள ஒவ்வொரு ஒயரையும் படம் பிடிக்க வேண்டும். ஒயருக்கு இரண்டு முனையிலும் ஒரே எண் ஒட்ட வேண்டும். ஒரு முனையில் மட்டும் ஒட்டுவது ஒட்டாததைவிட மோசம். பிறகு இன்ஜின்கள், பெட்டிகள். மெல்லிய தாளில் சுற்றிப் பழைய ஷூ டப்பாக்களில் படுக்கவைக்காமல் நிற்கவைத்து அடுக்க வேண்டும். பிறகு கட்டடங்கள், சிக்னல் கம்பங்கள், மின்கம்பிக் கம்பங்கள். அதற்கப்புறம்தான் தண்டவாளம்.

தண்டவாளம் இரண்டு பலகைகளின் மூட்டைத் தாண்டிப் போகும் இடத்தில் அறுக்க வேண்டும். அப்படியே அறுத்தால் முனைகள் எழும்பும், அரை மில்லிமீட்டர் விலகும், அந்த அரை மில்லிமீட்டரில் அடுத்த பத்து வருடம் வண்டி கவிழும். அதனால் அறுக்கப்போகும் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பலகையில் பித்தளைத் திருகு இறக்கி, தண்டவாளத்தை அதன் தலையோடு ஈயம் வைத்து இறுக்கிவிட வேண்டும். ஈயம் ஆறிய பிறகு நடுவில் அறுக்கலாம். வெட்டுக்கு முன்னால் கட்டு. அறுவை மருத்துவர்கள் ரத்தக்குழாயை வெட்டுமுன் இரண்டு பக்கமும் முடிச்சுப் போடுவதாகச் சொல்வார்கள், ஏறக்குறைய அதுதான்.

புதிதாகக் கட்டும்போதே பிரிப்பதை யோசித்திருந்தால் மூட்டுகளில் கட்டை முளையும் நட்டும் போல்ட்டும் இருக்கும். ஒயர்கள் பிளக்கில் முடியும். இரண்டு பலகைகளை முகத்துக்கு முகம் கவிழ்த்து இரு முனையிலும் அட்டை போல்ட் செய்தால் பெட்டியாகிவிடும். மேலைநாட்டுக் கிளப்காரர்கள் இப்படித்தான் கண்காட்சிக்குக் கொண்டுபோகிறார்கள். கார்டு அப்படிக் கட்டவில்லை. சுவரில் ஆங்கிள் அடித்து, பிளைவுட்டை அதில் திருகி, ஒயரை ஒரே ஓட்டமாக இழுத்திருந்தார். ஃபெவிகாலைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி ஜல்லியை ஒட்டியிருந்தார். அவருடைய அஷ்டபந்தனம் அது.

“சார், பிரிக்கணும்னு நினைச்சே பார்க்கலையா?”

“நான் எங்கே தம்பி போகப்போறேன்னு நினைச்சேன்.”

ஃபெவிகால் இளகும், அது ஓர் ஆறுதல். வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு விட்டுத் தெளித்துக் காத்திருந்தால் ஜல்லி மசிந்து கொடுக்கும். பாயின்ட்டுகளை அப்படித்தான் மீட்டோம். புதிதாக வாங்கினால் அவைதான் விலை. தெர்மாகோல் மலைக்கு எந்தத் தண்ணீரும் உதவவில்லை. மூன்றாக உடைந்தது. கார்டின் மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, முருகனை முதலில் எடுத்தீங்களா என்று மட்டும் கேட்டார்.

இந்தியாவில் இந்தச் சங்கடத்தைப் பெரிய அளவில் அனுபவித்தவர் பூனாவின் பாவு ஜோஷி. ரயில் மாதிரிகளைச் சேர்த்தும் கட்டியும் வந்தவர், 1980களில் அவற்றைக் கொண்டு மண்டபங்களில் கண்காட்சி நடத்தினார். ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு நகரத்தையே பெட்டியில் அடைத்துக் கொண்டுபோய்க் கோக்க வேண்டும். காட்சி முடிந்ததும் மறுபடி பிரிக்க வேண்டும். பார்க்க வருபவர்கள் ஓடுகிற ரயிலை மட்டும் பார்த்துவிட்டுப் போவார்கள். கடைசியில் அவர் செய்தது, இனி நகர வேண்டாம் என்று அதற்கென்றே ஓரிடம் கட்டியது. 1998-ல் பூனாவின் கோத்ரூட் பகுதியில் ஜோஷி சிற்றுரு ரயில் அருங்காட்சியகம் திறந்தது. விளக்குக் கம்பங்களும் சிக்னல்களும் மேம்பாலமும் சர்க்கஸும் கொண்ட அந்த நகரம் இன்றும் காட்சி நேரத்துக்கு ஓடுகிறது. போய்வந்துகொண்டிருந்த உற்சவர் மூலவரான கதை அது. வழக்கமாக நடப்பது இதற்கு மறுபக்கம்.

நகரவே முடியாதபடி கட்டப்பட்டதற்கு இந்தியாவில் நல்ல உதாரணம் குவாலியர் சிந்தியாக்களின் வெள்ளி ரயில். ஜெய்விலாஸ் அரண்மனையின் விருந்து மேசையைச் சுற்றித் தண்டவாளம். விருந்தினருக்கு மதுவும் சுருட்டும் கொண்டுவரும் வண்டி. குப்பியைத் தூக்கினால் நிற்கும், வைத்தால் நகரும். அந்த மேசை இல்லாவிட்டால் அந்த ரயில் வெறும் வெள்ளிச் சாமான். அதே சமஸ்தானத்தின் 610 மில்லிமீட்டர் குறும்பாதை, அரண்மனை வளாகத்து விளையாட்டாகத் தொடங்கி, ஷியோப்பூர் வரை ஏறக்குறைய 200 கிலோமீட்டர் நீண்டு, சனங்களைச் சுமந்து, 2020-ல்தான் நின்றது என்பதும் நினைவில் வைத்துக்கொள்ளத் தக்கது. பெரிய ரயில்காரர்கள் பொம்மைக்காரர்களைப் பார்த்துச் சிரிக்கும்போது இதைச் சொல்லலாம்.

பிரித்துப் பிரித்தே வளர்ந்த லே-அவுட் ஒன்று உண்டென்றால் அது பீட்டர் டென்னியுடையது. இங்கிலாந்துப் பாதிரியார், 1917-ல் பிறந்தவர். பாதிரியார்களுக்கும் ரயில்வேக்காரர்களுக்கும் மாற்றல் உண்டு. இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் பக்கிங்ஹாம் ஊருக்கு ஒரு கற்பனைக் கிளைப்பாதை கட்ட ஆரம்பித்தார்; கிரேட் சென்ட்ரல் ரயில்வே அங்கே வந்திருந்தால் 1900களின் தொடக்கத்தில் எப்படி இருந்திருக்கும் என்பது யோசனை. வீடு மாறும்போதெல்லாம் அது மாறியது. பழைய பலகையில் நன்றாக இருந்ததை எடுத்துப் புதியதில் சேர்த்தார். கடைத் தண்டவாளத்தின் 16.5 மில்லிமீட்டர் பிரிட்டிஷ் வண்டிக்கும் ஒடுக்கம்தான். அவர் ஒப்புக்கொள்ளவில்லை, 18 மில்லிமீட்டரில் தானே செய்துகொண்டார். கார்டுக்கு இதைச் சொன்னபோது முதல்தடவையாகக் கொஞ்சம் கோபப்பட்டார். பாதிரியாருக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தானே வேலை என்றார். அது அநியாயம் என்று நான் சொல்லவில்லை.

டென்னியிடம் எனக்குப் பிடித்தது வேறொன்று. மறுமுனை ஸ்டேஷனை இயக்கிவந்தவர் மகன் கிரிஸ்பின். அவர் வளர்ந்து வீட்டில் இல்லாமல் போன காலத்தில், அவர் செய்த வேலையைச் செய்ய ஓர் இயந்திரத்தைத் தந்தை கட்டினார். எந்த வண்டிக்குப் பிறகு எந்த வண்டி, எப்போது மணியடித்து வழி கேட்பது, எப்போது வழி கொடுப்பது என்ற வரிசையை அது வைத்திருந்தது. அதற்குப் பெயர் ஆட்டோமேட்டிக் கிரிஸ்பின். டென்னி 2009-ல் காலமானபின் இன்னொரு ஆர்வலர் பக்கிங்ஹாமைப் பிரித்துத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய் மறுபடி ஓடவைத்தார். பலகையும் தண்டவாளமும் போயிருந்தால் மட்டும் ஓடியிருக்காது. எந்த வண்டிக்குப் பிறகு எது என்பதும் கூடவே போனது.

எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை. கலிபோர்னியாவின் மான்டரேயில் ஜான் ஆலன் என்றொருவர், வீட்டு அடித்தளம் முழுவதும் மலைகளும் பள்ளங்களுமாக ஒரு மலைரயில் கட்டியிருந்தார். அமெரிக்காவில் அந்தப் பொழுதுபோக்கின் முகத்தையே மாற்றியது அது. முன்பிருந்த வீட்டில் கட்டிய முதல் சிறு லே-அவுட்டையும் பெரியதற்குள் ஒரு பகுதியாக வைத்திருந்தார். 1973 ஜனவரி 6-ம் தேதி இறந்தார். பத்து நாளில் தீப்பிடித்துக் கிட்டத்தட்ட எல்லாம் போயிற்று. எம்.ஐ.டி.யின் மாதிரி ரயில் கிளப் 1940களிலிருந்து ஒரு தற்காலிகக் கட்டடத்தில் இருந்தது. பலகைக்கு அடியில் டெலிபோன் ரிலேக்களைக் கோத்துக்கொண்டிருந்த அந்தப் பையன்களிடமிருந்துதான் கணினி உலகின் ஹேக்கர் பண்பாடு கிளம்பியது என்பார்கள். 1990களின் இறுதியில் கட்டடத்தை இடித்தபோது கிளப் வேறிடம் போய்ப் பெரும்பாலும் புதிதாகவே கட்ட ஆரம்பித்தது. இதை இழப்பு என்று நான் நினைக்கவில்லை. இருபது வயதுக்காரர்களுக்குப் பழைய பலகையைவிடக் காலி அறை நல்லது. எழுபது வயதுக்காரருக்கு அப்படியில்லை.

நிஜ ரயிலும் பிரிக்கப்பட்டிருக்கிறது. மொரப்பூரிலிருந்து தருமபுரி வழியாக ஓசூர் போன குறும்பாதையை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மூடிவிட்டார்கள். தண்டவாளத்துக்கு எப்போதும் மறுபிறவி உண்டு. ஸ்டேஷன் கூரையைத் தாங்கும் தூண், வேலிக் கம்பம், தாழ்வாரத்தில் தொங்கி மணியாக ஒலித்த துண்டு, எல்லாம் ஒரு காலத்தில் வண்டி ஓடிய இரும்பு. தடம் போனால் மேடு மட்டும் கிடக்கும். பிறகு அதன்மேல் வயல்காரர்கள் மாட்டை ஓட்டிப் போவார்கள்.

கோயில்களையும் கல் கல்லாக எண் எழுதிப் பிரித்திருக்கிறார்கள். எகிப்தில் அபு சிம்பல், 1964 முதல் 1968 வரை. நமக்குப் பக்கத்தில், ஸ்ரீசைலம் அணை நீரில் மூழ்க இருந்த கூடவெல்லி சங்கமேசுவரர் கோயிலைப் பிரித்து ஆலம்பூரில் எழுப்பினார்கள். கற்கள் எல்லாம் வந்துவிட்டன. துங்கபத்திரையும் கிருஷ்ணையும் சேர்ந்த அந்த இடம் வரவில்லை, அது தண்ணீருக்கடியில் இருக்கிறது. கார்டின் மாடியறையிலும் அப்படி வராத ஒன்று இருந்தது. மேற்குச் சன்னல். மாலை வெயில் திருவாலங்காடு பிளாட்பாரத்தில் விழும்போது, வெளியே நிஜத் திருவாலங்காட்டில் மின்ரயில் வரும் சத்தம் கேட்கும். அந்த நேரத்துக்குச் சரியாக அவர் தன் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துவார். அம்பத்தூர் ஃபிளாட்டின் அந்த அறைக்குச் சன்னல் லிஃப்ட் பக்கம்.

எங்கள் ஊரிலிருந்து வெளியே போனவை இரண்டு உண்டு. ஒன்று நடராசர். சென்னை அருங்காட்சியகத்தின் வெண்கலக் கூடத்தில் திருவாலங்காட்டு நடராசர் திருவாசி இல்லாமல் நிற்கிறார். பிரெஞ்சுச் சிற்பி ரோதான் நேரில் பார்த்ததில்லை. சென்னையிலிருந்து போன புகைப்படங்களைப் பார்த்தே சிவதாண்டவம் பற்றி எழுதினார், அது 1921-ல் அச்சானது. ஊரைவிட்டுப் போனதால்தான் ரோதான் கண்ணில் பட்டார் என்றும் சொல்லலாம். போயிருக்கக் கூடாது என்று ஊரில் சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. இங்கே ரத்தினசபையில் காலைத் தூக்கி ஆடுபவருக்கு மார்கழித் திருவாதிரை தவறாமல் நடக்கிறது, எழும்பூரில் நிற்பவரைப் பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் வந்து பார்க்கிறார்கள். ஒருவருக்கு அபிஷேகம், ஒருவருக்குக் குளிர்சாதனம். ஆனால் எழும்பூர்க்காரரின் பீடத்தில் கம்பு செருக இனி யாருக்கும் வேலையில்லை என்பது உறுத்தத்தான் செய்கிறது. கண்ணாடிப் பெட்டியில் வைத்த இன்ஜினைப் பார்க்கும்போதும் எனக்கு அதே உறுத்தல். துருப்பிடித்தாலும் ஓடி முடிக்கட்டும் என்பேன்.

இன்னொன்று செப்பேடு. 1905-ல் கோயிலில் கிடைத்தது. முத்திரை வைத்த ஒரே வளையத்தில் கோத்த 31 ஏடுகள். ராசேந்திர சோழன் தன் ஆறாம் ஆட்சியாண்டில் பக்கத்துப் பழையனூரைக் கோயிலுக்குக் கொடுத்ததைச் சொல்வது. அந்தக் காலத்துச் செப்பேடுகள் ஓர் ஊரைக் கொடுக்கும்போது அதன் எல்லையை நடந்து காட்டும். வாய்க்கால், மேடு, வழி, பக்கத்து ஊரின் நிலம் என்று ஒவ்வொன்றாக. ஏடும் சென்னைக்குப் போய்விட்டது. பழையனூர் பழையனூராக இருக்கிறது. சொல்லில் எழுதிய ஊருக்கு இடம்பெயர்வது சுலபம். ஒரு வளையம் போதும்.

கார்டிடம் அப்படி ஒரு நோட்டு இருந்தது. முதல் நாள் அவர் ஷூ டப்பாக்களுக்கும் முன்னால் எடுத்துப் பையில் வைத்தது அதைத்தான். நாற்பது பக்கக் கோடுபோட்ட நோட்டு, பென்சில் எழுத்து. 1: அரக்கோணம் இரண்டாம் தடத்திலிருந்து பாசஞ்சர் புறப்பாடு. 2: கூட்ஸ் இச்சிபுத்தூரில் ஒதுங்கி வழிவிடும். 3: மேலே போன எக்ஸ்பிரஸ் ரேணிகுண்டாவில் இன்ஜின் மாற்றித் திரும்பும். இப்படிப் போய்க் கடைசி வரியில் எல்லா வண்டியும் தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்கும். மறுநாள் மறுபடி ஒன்றிலிருந்து. அவருடைய கிரிஸ்பின் அந்த நோட்டு.

குடமுழுக்குக்கு முன்னால் பாலாலயம் செய்வதைப் பலரும் பார்த்திருப்போம். திருப்பணி முடியும்வரை மூலவரை என்ன செய்வது? கல்லைத் தூக்க முடியாது. அவருடைய கலையைக் கும்பத்துக்கு வாங்கி, அத்திப் பலகையில் உருவெழுதி, பக்கத்தில் சின்னதாக ஒரு கொட்டகையில் வைத்துப் பூசை நடத்துவார்கள். கருவறையில் கொத்தனார் வேலை செய்துகொண்டிருப்பார். சாமி பலகையில் இருப்பார். வேலை முடிந்ததும் கும்பத்திலிருந்து மறுபடி கல்லுக்கு. எது கல், எது கலை என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் வகுத்த முறை. இதை நான் நம்புகிறேனா என்பது வேறு கேள்வி. வீடு மாற்றுகிறவர்களுக்கு இதைவிடத் தெளிவான வழிகாட்டி கிடைக்காது என்பதில் சந்தேகமில்லை.

இடம் நகராமல் வீடு மாறுவதும் இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. 1960 மார்ச் 31-ம் தேதிவரை திருத்தணி ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டம். ம.பொ.சி.யும் மற்றவர்களும் போராடி, எல்லை மாற்றச் சட்டம் வந்து, மறுநாள் விடிந்தபோது சென்னை மாநிலம். மலை அங்கேயே இருந்தது, தண்டவாளம் அங்கேயே இருந்தது, வீட்டுக்குள் தெலுங்கும் தமிழும் கலந்து பேசியவர்கள் அப்படியே பேசிக்கொண்டிருந்தார்கள். கார்டின் மனைவி இன்றும் கணக்குப் போடும்போது தெலுங்கில்தான் போடுவார். ஒரு கோட்டை நகர்த்தினால் போதும் என்றிருக்கும்போது எதற்கு மலையை உடைப்பது என்று அந்த மூன்று தெர்மாகோல் துண்டுகளைப் பார்த்தபோது தோன்றியது.

புது அறை பத்துக்குப் பதினொன்று. பழையது பதினெட்டுக்குப் பன்னிரண்டு. கணக்கு யார் போட்டாலும் ஒன்றுதான்: வட்டமாக ஓட்ட முடியாது, ஒரு முனையிலிருந்து மறுமுனை போய்த் திரும்பும்படி எல் வடிவில்தான் அமைக்க முடியும். இதைச் சொல்ல எனக்குத் தயக்கமாக இருந்தது. அவர் தாளைப் பார்த்துவிட்டு, நிஜத்தில் எந்த ரயிலும் வட்டமாகப் போவதில்லை என்றார். எதிர்பார்த்ததைவிடச் சுலபமாகத் தீர்ந்தது. ஸ்டேஷன்களை விடுவதில்தான் சிக்கல். நான்கில் மூன்றுக்குத்தான் இடம்.

“அரக்கோணம் எதுக்குங்க, எந்நேரமும் கூட்டம்” என்றார் அவர் மனைவி.

“ஜங்ஷன் இல்லாம வண்டி எங்கடி புறப்படும்?”

திருத்தணியை விட முடியாது, மலையை மறுபடி செய்தாக வேண்டும் என்பது வீட்டுத் தீர்ப்பு. திருவாலங்காட்டை விடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எல்லோரும் இச்சிபுத்தூரைப் பார்த்தோம். நோட்டை எடுத்து இரண்டாம் வரியில் கூட்ஸ் ஒதுங்கும் இடத்தை அழித்துத் திருவாலங்காடு என்று எழுதினார். அதற்கு அடுத்த ஐந்தாறு வரிகள் அதனால் மாறின. அன்று மாலை முழுவதும் அதற்கே போயிற்று. அறுத்துப் பிரித்ததைவிட அந்த வேலைதான் அவருக்குக் கடினமாக இருந்தது என்று நினைக்கிறேன். ஒரு வண்டியைத் தாமதப்படுத்தினால் மூன்று வண்டிக்கு வழி மறிக்கும், அது பொம்மையானாலும்.

அம்பத்தூரில் பலகைகள் முதலில் சேரவில்லை. இடைவெளி அரை மில்லிமீட்டர்கூட இல்லை, ஆனால் பிளைவுட் ஈரத்தில் கொஞ்சம் வளைந்திருந்தது. அடியில் ஒரு சட்டம் கொடுத்து இழுத்துத் திருகியபோது நேராயிற்று. ஒயர் எண்களில் ஒன்று உதிர்ந்துபோயிருந்தது. போன் படத்தைப் பெரிதாக்கிக் கண்டுபிடித்தோம். இந்தத் தடவை மூட்டுகளில் போல்ட், ஒயர்களில் பிளக், சுவரில் எதுவும் இல்லை. பேரன் மேல்படிப்புக்கு வெளியூர் போகும்போது எடுத்துக்கொண்டு போகலாம் என்கிறார். பேரனுக்கு இப்போது மூன்று வயது.

இச்சிபுத்தூர் பலகை என் வீட்டில் இருக்கிறது. நாலடி நீளம், ஒரு பிளாட்பாரம், ஒரு பக்கத்தடம், இரண்டு முனையிலும் பித்தளைத் திருகு. கொடுக்கும்போது கார்டு இரண்டு நிபந்தனை போட்டார்: தரையில் வைக்கக் கூடாது, அதில் எக்ஸ்பிரஸ் நிறுத்தக் கூடாது. இரண்டாவதை மீற என்னிடம் எக்ஸ்பிரஸ் இல்லை. கண்காட்சியொன்றில் வாங்கிய ஒரு பழைய டேங்க் இன்ஜினும் இரண்டு பெட்டியும் இருக்கின்றன. அதை பாசஞ்சர் என்று வைத்துக்கொள்ளலாமா என்று போனில் கேட்டேன். எத்தனை மணி வண்டி என்று கேட்டார்.